கல்லூரி முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் துணையாக நிற்பது எப்படி: டெல்டா ஊர்களின் அக்கா, அண்ணன்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஃபீஸ் ஜன்னல் முன்னால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். அந்த ஜன்னல் அன்றைக்குத் திறக்கவே இல்லை. படிவத்தை வாங்க வேண்டியவர் எங்கள் துறையிலேயே இருந்தார் என்று மறுநாள்தான் தெரிந்தது. பக்கத்தில் எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். ஒருவரிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

இப்போது வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு, கல்லூரியில் சேரும் முதல் வருஷம் முழுக்கத் துணையாக நிற்கிறேன். இந்த வருஷம் ஆறாவது பிள்ளை. கல்லூரியிலும் மென்டார் என்று ஓர் ஆசிரியரைப் போடுவார்கள். அவர் பொறுப்பில் ஒரு வகுப்பே இருக்கும், பாவம். நான் சொல்வது ஊரிலிருந்து கூட நிற்கும் ஆளைப் பற்றி. நீங்கள் டிகிரி முடித்திருந்தாலும் சரி, மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாலும் சரி, இதைச் செய்யலாம்.

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான். பிள்ளைகள் படிப்பை விடும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் கேள்வி கிடக்கிறது. ஜூலையில் கேட்க வெட்கப்பட்ட கேள்வி, அக்டோபரில் கட்டணம், வருகைப்பதிவு, அரியர் என்று பெரிதாகி நிற்கிறது. அந்தக் கேள்வியை அந்த வாரமே கேட்க வைப்பதுதான் நம் வேலை. கீழே வருகிற எல்லாமே அதற்கான வழிகள்.

1. சேர்வதற்கு முன்பே வீட்டுக்குப் போங்கள்

போனில் பேசிவிட்டு விடாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கும் நேரம் வேண்டும். அம்மாவும் அப்பாவும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அவர்கள் மனத்தில் உள்ள கணக்கு தெரியாமல் பிள்ளையிடம் மட்டும் பேசிப் பயன் இல்லை.

மூன்று விஷயம் அங்கே தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் கொடுத்திருக்கும் போன் எண் யாருடையது? அப்பாவின் எண்ணாக இருந்து, அவர் வயலில் இருந்தால், ஓ.டி.பி. யாருக்கு வரும்? இரண்டாவது, வீட்டில் யாராவது முன்பு கல்லூரிக்குப் போய்ப் பாதியில் நின்றிருக்கிறார்களா? நின்ற அண்ணன் ஒருவர் இருந்தால் அந்தக் கதையை முழுக்கக் கேளுங்கள். அதே பயம் இந்தப் பிள்ளைக்குள்ளும் இருக்கும். மூன்றாவது, இந்தப் பாடத்தை எடுத்தது யார்? விரும்பி எடுத்ததா, கவுன்சலிங்கில் மிச்சம் இருந்ததா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிடம் போனில் பேசுவது என்று அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் முன்னிலையிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: "பாப்பா என்கிட்ட சொல்றதை எல்லாம் உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டேன். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்." இதை முதலில் சொல்லாமல் விட்டு ஒரு வருஷம் நான் பட்ட பாடு போதும். ஒரு மாணவி என்னிடம் சொன்னதை அவள் நல்லதுக்குத்தானே என்று அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

2. ஒரு ஃபைல், ஒரு வங்கிக் கணக்கு

கிளிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். டி.சி.யின் ஒரிஜினலைக் கல்லூரியில் கொடுத்துவிட வேண்டும் என்பதால், கொடுக்கும் முன் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பத்து பாஸ்போர்ட் போட்டோ. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டிய ஒவ்வொரு ரசீதும் இந்த ஃபைலுக்குள்தான் போக வேண்டும். ரசீது தொலைந்தால் பிள்ளை அதைச் சொல்ல வெட்கப்படும். அங்கிருந்துதான் சிக்கல் தொடங்கும்.

உதவித்தொகையில் என் கதையைச் சொல்கிறேன். முதல் வருஷம் எனக்கு வர வேண்டிய பணம் வரவே இல்லை. ஜனவரியில்தான் காரணம் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருந்தது, வங்கியில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருந்தது. அவ்வளவுதான். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது அந்த வருஷம்தான். அதனால் சேரும் முன்பே ஆதார், வங்கி, சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கணக்கு பிள்ளையின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் நேரில் கேளுங்கள். பள்ளியில் திறந்து நாலு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கு முடங்கியிருக்கும், அதைக் கையெழுத்துப் போட்டு உயிர்ப்பிக்க வேண்டும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதேபோல் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். இதை வாங்கினால் வேறு உதவித்தொகை கிடைக்காது என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அதை நம்பி விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் உதவித்தொகைகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எல்லாம் கல்லூரி வழியாக, யூ.எம்.ஐ.எஸ். எண்ணை (கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) வைத்துத்தான் போகும். அந்த எண்ணை முதல் மாதமே ஃபைலின் உள்பக்க அட்டையில் எழுதிவிடச் சொல்லுங்கள்.

3. ஒரு நாள் கூடவே பஸ்ஸில் போய் வாருங்கள்

வகுப்பு தொடங்கும் முன் ஒரு வேலை நாளில், பிள்ளை போகப்போகும் அதே பஸ்ஸில். எந்த நிறுத்தத்தில் உட்கார இடம் கிடைக்கும், அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது, சாயங்காலம் கடைசி பஸ் எது என்று எல்லாம் அப்போதுதான் தெரியும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பாஸ் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம், அதுவரைக்குமான டிக்கெட் காசைக் கணக்கில் வையுங்கள். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, ரூட் பஸ்ஸில் உண்டு.

திரும்பும்போது நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மழையும் சேர்ந்தால் வாய்க்கால் ஓரப் பாதை தெரியாது. பெண் பிள்ளையாக இருந்தால் அந்த ஒரு கிலோமீட்டர்தான் படிப்பை நிறுத்தும் காரணமாக வீட்டில் பேசப்படும். அதே பஸ்ஸில் வரும் இன்னொரு பெண்ணைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுங்கள். துணை இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

4. முதல் வாரம்: நாலு இடம், நாலு வாக்கியம்

துறை, ஆஃபீஸ், நூலகம், தேர்வுப் பிரிவு. இந்த நாலு இடத்தையும் பிள்ளை தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் மறந்துவிடும்.

அப்புறம் வாக்கியங்கள். இது கேலியாகத் தோன்றலாம், ஆனால் நான் உண்மையிலேயே வீட்டில் பேசிப் பழக வைக்கிறேன். நான் ஆஃபீஸ் கிளார்க், நீ மாணவி. "வணக்கம் சார். நான் முதலாம் ஆண்டு கணிதம். உதவித்தொகை ஃபார்ம் கொடுக்க வந்தேன். யாரைப் பார்க்கணும்?" முதலில் யார் என்று சொல்லு, பிறகு எதற்கு வந்தாய் என்று சொல்லு, கடைசியில் கேள்வி. "நாளைக்கு வா" என்றால் "எத்தனை மணிக்கு வரட்டும் சார்?" என்று கேள். இந்த ஒரு கேள்வி எத்தனை நடையை மிச்சப்படுத்தியிருக்கிறது தெரியுமா? வகுப்பில் புரியாவிட்டால், "மேடம், ரெண்டாவது படி புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க." வர முடியாவிட்டால் விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எழுத வைத்து, அதை மாதிரியாக ஃபைலில் வையுங்கள்.

5. ஆங்கிலம்: இங்கேதான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்

பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை, திடீரென்று இயற்பியலையும் வணிகவியலையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் இங்கே கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அறிவு குறைந்துவிட்டது என்று அவனே நம்பத் தொடங்கும் மாதம் ஆகஸ்ட்.

அவனுக்கு ராமானுஜன் கதையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படத்துக் கதை வேண்டாம், இது வேறு. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார், மற்ற பாடங்களைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய மூளைக்கே, காவிரிக் கரையில் இதே மண்ணில், முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. இதைக் கேட்ட ஒரு தம்பி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவருக்கும் இங்கிலீஷா அண்ணே?" என்று பக்கத்தில் இருந்த என் தம்பியிடம் கேட்டான். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவன் தன் கஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்துப் பேசினான்.

கதை மட்டும் போதாது, வேலை வேண்டும். நீளமான நோட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அன்றைய வகுப்பில் கேட்ட ஆங்கிலக் கலைச்சொல், வலப்பக்கம் பிளஸ் டூவில் அவன் படித்த தமிழ்ச் சொல். வெலாசிட்டி என்றால் திசைவேகம், டிப்ரீசியேஷன் என்றால் தேய்மானம். அவனுக்குப் பாடம் ஏற்கெனவே பாதி தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது என்பது இரண்டு வாரத்தில் அவனுக்கே விளங்கிவிடும். பழைய பிளஸ் டூ புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருஷத்துக்கு அவைதான் நல்ல துணை நூல்.

தினம் ஒரு பத்தி, ஒரே ஒரு பத்தி, பாடநூலிலிருந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அதில் ஒன்றை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள், பொருளை மட்டும் தமிழில் கேளுங்கள். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று துறையில் முதல் மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில வழி வகுப்பாக இருந்தாலும் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். தமிழில் எழுதுவது என்றால் கலைச்சொற்கள் இரண்டு மொழியிலும் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே நோட்டு எப்படியும் வேண்டும். ஆங்கிலப் பாடம் தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் தேறியே ஆக வேண்டும். கடிதம் எழுதுவது, பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது போன்ற கேள்விகளைப் பழகினாலே தேர்ச்சி மதிப்பெண் அருகில் வந்துவிடும்.

6. வயலும் வருகைப்பதிவும்

மற்ற ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் ஊரில் இதைச் சொல்லாமல் முடியாது.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் கல்லூரி தொடங்கும் நேரமும் குறுவை வேலையும் ஒன்றாக வரும். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் சம்பா, தாளடி நடவும் மோதிக்கொள்ளும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. தையில் சம்பா அறுவடை, அப்போது இரண்டாம் செமஸ்டர் சூடு பிடித்திருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருக்கும்போது, ராத்திரி காவலுக்குப் போவது பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும் பையன்தான். மறுநாள் காலை வகுப்பில் அவன் இருக்க மாட்டான், இருந்தால் தூங்குவான்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். குறைந்தால் காண்டோனேஷன் கட்டணம், அதாவது அந்தக் குறையைப் பொறுத்துத் தேர்வெழுத விடுவதற்கான கட்டணம், கட்ட வேண்டும், ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. எது வரை எது என்பதை அந்தக் கல்லூரி கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்று வைத்தால், 22 நாள்தான் விடுப்பு. இதை அப்பாவிடம் நெல் கணக்குபோலவே சொல்லுங்கள்: "மாமா, இவன்கிட்ட மொத்தம் 22 நாள் இருக்கு. நடவுக்கு 5, அறுப்புக்கு 5 எடுத்துக்குங்க. காய்ச்சல், கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாத்துக்கும் மிச்சம் 12." இப்படிச் சொன்னால் அவர்கள் கேட்கிறார்கள். நாள் கணக்கு விவசாயிக்குப் புரியாததா? "படிப்பு முக்கியமா வயல் முக்கியமா" என்று கேட்டால் சண்டைதான் வரும், அந்த வீட்டுக்கு இரண்டும் சோறு.

எடுத்த நாட்களை ஃபைலின் கடைசித் தாளில் பிள்ளையே குறித்து வர வேண்டும். மழைக்குக் கலெக்டர் விடும் விடுமுறை இந்தக் கணக்கில் சேராது. ஆனால் ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்று பஸ் வராமல், கல்லூரி மட்டும் நடந்தால், அது விடுப்புதான். அன்றைக்கே துறைக்குப் போன் போட்டுச் சொல்லி, போனதும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

7. இன்டர்னல், செமஸ்டர், அரியர்

பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தேர்ச்சிக்கு 40. ஆனால் செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக எடுக்க வேண்டிய குறைந்தபட்சமும் பல இடங்களில் உண்டு. இன்டர்னலில் 20 வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து அங்கே வழுக்குகிறார்கள். முதல் இன்டர்னல் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறான், கேள்வி எண் சரியாகப் போட்டிருக்கிறானா, கடைசிக் கேள்வியைத் தொட்டானா என்று பாருங்கள்.

அரியர் விழுந்தால் வீட்டில் சொல்ல மாட்டார்கள். நீங்கள் முதலிலேயே சொல்லி வையுங்கள்: முடிவு வரும் அன்றைக்கு, எந்த முடிவாக இருந்தாலும், என்னைக் கூப்பிடு. மறுமதிப்பீட்டுக்கும் விடைத்தாள் நகலுக்கும் விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். அழுது முடிப்பதற்குள் தேதி போய்விடும். அரியர் தேர்வுக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

8. சகவாசம், சாதி, ராகிங், கடன்

எங்கள் பக்கத்தில் ஊருக்குள் தெரு பிரிந்திருப்பது போலவே பஸ் சீட்டும் கேன்டீன் பெஞ்சும் பிரியும். முதல் வாரத்திலேயே யாராவது சாதிப் பெயர் வைத்த வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள். "நம்ம ஆளுங்க" என்ற சொல் புதுப் பிள்ளைக்குப் பாதுகாப்பாகத் தெரியும், அதனால்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். வெறுமே திட்டாதீர்கள். அந்தப் பாதுகாப்பை வேறு இடத்தில் கொடுங்கள்: என்.எஸ்.எஸ்., என்.சி.சி., வாலிபால், கோலம் போடுகிற குழு, எதுவானாலும். கல்லூரியில் சாப்பாட்டு டப்பாவை யாரோடு திறக்கிறாய் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் நிறைய இருக்கும்.

ராகிங் விஷயத்தில் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996-ல் ஒரு முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் கொலையானார். அதன் பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. தேசிய உதவி எண் 1800-180-5522. பிள்ளையின் போனில் நீங்களே சேமித்துக் கொடுங்கள்.

கடன் செயலிகளைப் பற்றி ஒரு வரி: யாராவது போனில் ஐந்து நிமிடத்தில் 3,000 ரூபாய் தருகிறேன் என்றால், முதலில் என்னைக் கூப்பிடு என்று சொல்லுங்கள். காதல் பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது, சொன்னால் கேளுங்கள்.

9. "நான் நின்னுடுறேன் அக்கா"

ஆறு பேரில் நாலு பேர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் தீபாவளி விடுமுறையின் கடைசி நாள் இரவு. போனில் பதில் சொல்லாதீர்கள். மறுநாள் நேரில் போங்கள். "ஏன்?" என்று கேட்டால் "பிடிக்கலை" என்றுதான் வரும். "விடுமுறைக்கு முன்னாடி கடைசியா போன நாள் என்ன நடந்தது, காலைல இருந்து சொல்லு" என்று கேளுங்கள். கதை நடுவில் எங்கோ குரல் தணியும். ஒருத்திக்கு அது, செமினாரில் அவள் நின்றபோது பின்னால் யாரோ சிரித்தது. ஒருவனுக்குக் கட்டாத 350 ரூபாய். இன்னொருத்திக்கு மாதவிடாய் நாளில் போக ஒழுங்கான கழிப்பறை இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய ஒரு காரியம் இருந்தது.

தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேச்சு வந்தால் இது உங்கள் தகுதிக்கு மேற்பட்டது. அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லுங்கள். 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், காசு கிடையாது. பிறகு அரசு மருத்துவமனைக்கு நீங்களும் துணைக்குப் போங்கள்.

மற்றபடி, நிற்பது என்று பேச்சு வந்தால் ஒன்றைப் பிடிவாதமாகச் செய்யுங்கள்: டி.சி. வாங்க விடாதீர்கள். வீட்டில் இருக்கட்டும், பத்து நாள் யோசிக்கட்டும், டி.சி. மட்டும் கல்லூரியிலேயே இருக்கட்டும். அதைக் கையில் வாங்கிவிட்டால் திரும்பும் வழி மிகவும் குறுகிவிடும். அந்தப் பத்து நாளில் வருகைப்பதிவு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்து, துறைத் தலைவரிடம் பிள்ளையோடு நீங்களும் போய்ப் பேசுங்கள். நான் போன இடங்களில் யாரும் விரட்டவில்லை. ஒரு பேராசிரியர் எழுந்து நாற்காலி போட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருத்தி நின்றுவிட்டாள். அவளை நான் விடவில்லை, திட்டவும் இல்லை. டி.சி. கல்லூரியிலேயே இருந்தது. மேட்டூர் திறந்த வாரம் அவள் வீட்டுக்குப் போய், மறுபடியும் சேர விண்ணப்பம் கொடுக்கலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன். நாற்றங்காலில் இருந்து சேற்றுக் காலோடு ஏறி வந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் அந்த ஃபைல் இருந்தது.